கல் இன்னும் தயாராகவில்லை, மாப்பிள்ளை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

கீழ் வீட்டிலிருந்து மச்சான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் இங்கே நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆகவே நலம். உங்கள் முதுகுவலியும், அதைத் தந்த எஞ்சின் ரூமும், அந்த எஞ்சின் ரூமைச் சுமக்கும் கப்பலும், கப்பலைச் சுமக்கும் கடலும் நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உங்கள் கம்பெனி ஏஜென்ட் மூலம் எந்தத் துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்து சேருமோ தெரியாது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் 'ஹலோ' என்கிறீர்கள், நான் 'ஹலோ' என்கிறேன், அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராமல், லைன் சரியில்லை என்று லைன்மேல் பழியைப் போட்டு வைத்துவிடுகிறோம். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. அதனால்தான் கடிதம்.

கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும். தலைப்பு இதுதான்: என் தங்கையும் உங்கள் மனைவியுமான பாப்பாவின் கல்லறையில் வைக்க வேண்டிய கல் இன்னும் தயாராகவில்லை. 'கல்லு வெச்சதும் வர்றேன் மச்சான்' என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஆகவே அவசரப்பட வேண்டாம். அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவள் போன செய்தி வந்தபோது நீங்கள் நடுக்கடலில் இருந்தீர்கள், கரையைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, தொட்ட கரையிலேயே அடுத்த கப்பலில் ஏறிவிட்டீர்கள். இதில் உங்களை யாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை. கல் ஏன் தாமதமாகிறது என்பதை மட்டும் வரிசையாக விளக்குகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பூகோளம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை போனில் 'ஹலோ'வைத் தாண்டி, கல்லில் என்ன எழுதலாம் என்று நான் கேட்டபோது, பேர் வேண்டாம், தேதி வேண்டாம், 'அவ எழுதின அந்த ஒரு வரிய போட்ருங்க மச்சான், அது போதும்' என்றீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அந்த வரியை நீங்கள் ஒருநாளும் மதித்தவர் இல்லை. விடுமுறையில் வந்து மேல் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நீங்கள் அவளைச் சீண்டுவது கீழே எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். 'பகல் பூரா ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் தண்ணி பில்லு போடுற புரோகிராம் எழுதுற. பக்கம் பக்கமா போகுது, சரி. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரி எழுதுற. அது என்னா பண்ணுதுன்னு கேட்டா, தன்னையே அச்சடிச்சுக் காட்டுதுங்குற. எழுதாமலே இருந்திருந்தா அந்த வேலையும் மிச்சம்தானே?' அதற்கு அவள், 'நீங்க மட்டும் என்னவாம்? இங்கேருந்து கப்பல் ஏறிப் போறீங்க, சுத்திச் சுத்தி இங்கேயே வந்து எறங்குறீங்க. போகாமலே இருந்திருந்தா டீசலும் மிச்சம்தானே?' என்பாள். உங்கள் அக்கா கீழே கரண்டியும் கையுமாகச் சிரிப்பாள்.

ஆகவே நீங்கள் கேட்ட வரி என்ன செய்யும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது என்ற முடிவுக்கு வந்து, முதலில் அதை விளக்குகிறேன். பென்ஷன் கொடுத்தால் மட்டும் ஒரு வாத்தியார் ஓய்ந்துவிடுவார் என்று நினைக்கக் கூடாது. கப்பலில் உள்ள பொருள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதச் சொல்கிறார் உங்கள் கேப்டன். நங்கூரம், கயிறு, பம்பு, ஸ்பானர், சமையல்காரரின் வாணலி, எல்லாம் எழுதிவிட்டீர்கள். ஆனால் எழுதின தாளும் இப்போது கப்பலில்தானே இருக்கிறது? அதையும், அதில் உள்ள எழுத்துகளையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதினதும் தாள் நீண்டுவிடுகிறது. நீண்டதையும் எழுத வேண்டும். இப்படியே போனால் கரை வந்து சேரும், பட்டியல் முடியாது. இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு, பாப்பா எனக்குச் சொல்லித் தந்தது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: பின்வருவதை முதலில் அப்படியே எழுது, அடுத்து மேற்கோளுக்குள் எழுது: 'பின்வருவதை முதலில் அப்படியே எழுது, அடுத்து மேற்கோளுக்குள் எழுது:' இதை ஒரு தாளில் எழுதி, அது சொல்கிறபடி இன்னொரு தாளில் செய்துபாருங்கள். இரண்டு தாளும் ஒன்றாகவே இருக்கும். கட்டளை ஒரு தடவை, அதே கட்டளை மேற்கோளுக்குள் பொருளாக இன்னொரு தடவை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நடக்காது. இதைக் கம்ப்யூட்டர் மொழியில், முடிந்தவரை குறைந்த எழுத்துகளில் எழுத வேண்டும் என்பதுதான் அவளுடைய பந்தயம். அவளைப் போல இன்னும் சில பேர் வேறு வேறு நாடுகளில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. பரிசும் கிடையாது. புரோகிராம் தன் கோப்பைத் தானே திறந்து பார்த்து அச்சடித்தால் அது காப்பியடித்தல், உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் பள்ளியில்கூட அவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை.

ஒரு எழுத்து குறைந்தால் போதும், மாடிப்படியில் நின்று 'அண்ணா! ஒரு எழுத்து கொறஞ்சிருச்சு!' என்று கத்துவாள். உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து, 'எனக்கு ஒரு கிலோ கொறஞ்சப்பகூட நான் இவ்ளோ கத்தலடி' என்பாள்.

இனி கல்லுக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறதே, அங்கே எழுத்து வெட்டும் மேஸ்திரியிடம் கொடுத்தேன். கல்தூசி படிந்து தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருப்பதால் அவரை மாவு மேஸ்திரி என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர். நான் அச்சடித்துக் கொண்டுபோன வரியை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, 'சார், இதுல பேரு எங்க?' என்றார். 'பேர் கிடையாது மேஸ்திரி.' 'பொறந்த தேதி?' 'கிடையாது.' 'அடைப்புக்குறியும் புள்ளியும் சதவீதமுமா இருக்கே, இது என்னா சார், வீட்டு வைஃபை பாஸ்வேர்டா?' நான் பொறுமையாகக் கப்பல் பட்டியல் உதாரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, 'கப்பல் படம் ஒண்ணு வெட்டிரவா?' என்றார். பாடம் நடத்தி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்வி மாதிரியே இருந்தது. எனக்குப் பழக்கம்தான். வேண்டாம், இந்த வரியை உள்ளது உள்ளபடி வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல் ஆகிவிட்டது என்று ஆள் விட்டார். போனேன். சாக்கை விலக்கிக் காட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு, மாப்பிள்ளை. மழைநீர் தேங்காதபடி உள்சரிவு கொடுத்து வெட்டியிருந்தார். ஆனால் வரி பாதியில் நின்றிருந்தது. 'மீதி எங்கே மேஸ்திரி?' 'மீதியா? நீங்க குடுத்ததுல ஒரே விஷயம் ரெண்டு தடவ வந்திருந்துச்சு சார். மொதல்ல ஒரு தடவ, அப்புறம் அந்த மேற்கோள் குறிக்குள்ள அதையே திரும்ப ஒரு தடவ. பிரிண்ட்டு எடுத்தவன் தூங்கி வழிஞ்சிருக்கான். நான் ரெண்டாவத எடுத்துட்டேன்' என்றார், ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்தவரைப் போல. ஏன் என்னைக் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னார். முன்னொரு தடவை ஒரு குடும்பம் 'அன்பான அன்பான அப்பா' என்று எழுதிக் கொடுத்ததாம். இவர் எழுதினதை எழுதினபடி வெட்டிவிட்டார். கல்லைத் திறந்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், 'உனக்குப் படிக்கத் தெரியாதா?' என்று அந்த வீட்டு மூத்த மருமகன் கேட்டுவிட்டாராம். 'அன்னைக்குப் பிடிச்ச பிடி சார். ரெண்டு தடவ வந்தா ஒரு தடவதான் வெட்டுவேன். எவன் சொன்னாலும் சரி.' உலகத்தில் இரண்டு தடவை வந்தே ஆக வேண்டிய வரி ஒன்று உண்டு என்றால், அது நேராக இவர் உளிக்கு அடியில்தானா வந்து சேர வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஓர் ஆசை. கல்லில் இருக்கிற பாதியை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மேல் வீட்டைத் திறந்தேன். அவள் மேஜையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது. உங்கள் அக்கா அதன்மேல் பூப்போட்ட தலையணை உறை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறாள். எப்படி இயக்குவது என்று பாப்பா எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள், 'அண்ணா, நீங்க ஒத்த விரல்ல தட்டுறது கோழி கொத்துற மாதிரியே இருக்கு' என்று சிரித்துக்கொண்டே. அதே ஒற்றை விரலால் பாதி வரியைத் தட்டிக் கொடுத்தேன். தப்பு என்று திட்டும் என எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அச்சடிக்கவும் இல்லை. திறந்த அடைப்புக்குறி இன்னும் மூடவில்லையாம், ஆகவே மீதி வரும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைய, சும்மா நிற்கிறது. நானும் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாகியும் கீழே வராததால் உங்கள் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்து, 'அது என்னங்க பண்ணுது?' என்றாள். 'காத்துக்கிட்டிருக்கு.' 'யாருக்கு?' அவள் இன்னொரு நாற்காலியில் இருந்த உங்கள் பழைய சட்டைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி பெரிய மனதோடு வேறு கல்லில் வெட்டித் தர ஒப்புக்கொண்டார். பாதிக் கல்லைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார். இதற்கிடையில் இன்னொரு சிக்கல் வந்தது. பாப்பாவின் பந்தயக் கூட்டத்தாருக்கு அவள் போன செய்தியை நான்தான் அவள் கம்ப்யூட்டரிலிருந்து எழுதியிருந்தேன். எல்லோரும் இரண்டு வரி, மூன்று வரி என்று சுருக்கமாக அனுதாபம் எழுதினார்கள். அவர்களுக்குச் சுருக்கமாகத்தான் எழுத வரும். அதில் ஒருவர் பேர் கத்தரி. நிஜப் பேர் அவளுக்கும் தெரியாது. எழுத்துகளை வெட்டுவதில் அவளுக்குச் சமமான ஆள் அவர் ஒருவர்தான் என்பாள். பல வருஷமாக இருவருக்கும் போட்டி. அவள் கடைசியாக எழுதிய அந்த வரியை அவரால் மட்டும் இல்லை, யாராலுமே சுருக்க முடியவில்லை என்று அவளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தக் கத்தரி எழுதியிருந்தார்: 'உங்கள் தங்கையின் வரியில் ஒரு எழுத்தைக் குறைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.' கீழே அந்த வரி.

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். செத்தவளோடு என்ன போட்டி? இழவு வீட்டுக்கு வந்தவன் அளவு டேப்பை எடுத்து நீட்டின மாதிரி இல்லையா இது? இவன் தப்பாகத்தான் எழுதியிருப்பான், ஒரே தட்டில் தப்பைக் காட்டிப் பதில் போடுகிறேன் பார் என்று, அந்த வரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டிக் கொடுத்தேன். அச்சடித்தது, மாப்பிள்ளை. தன்னைத் தானே, ஒரு புள்ளி பிசகாமல். எண்ணிப் பார்த்தேன், ஒரு எழுத்து குறைவுதான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மாடிப்படிக்கு ஓடி வந்து, கீழே பார்த்து, 'பாப்பா! ஒரு எழுத்து கொறஞ்சிருச்சு!' என்று கத்திவிட்டேன்.

கீழே உங்கள் அக்கா அடுப்பை மட்டும் அணைத்தாள்.

அதற்குப் பிறகு எதைக் கல்லில் வெட்டுவது என்று எனக்குக் குழப்பம். பாப்பா இருந்தால் சின்ன வரியைத்தான் வெட்டச் சொல்லியிருப்பாள். சுருங்கினதுதான் அவளுக்கு அழகு. ஆனால் அது கத்தரியின் வரி, அவளுடையது இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே முடிவு செய்தேன். விடைத்தாளை வாங்கின பிறகு வாத்தியார் அதில் மதிப்பெண் போடலாம், விடையை மாற்றி எழுதக் கூடாது. அவள் வரியே இருக்கட்டும். கத்தரிக்கும் எழுதினேன்: 'உங்கள் வரி சரியாக வருகிறது. அவள் இருந்திருந்தால் அடுத்த எழுத்தைக் குறைக்கும் வரைக்கும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.' அவர் பதில் போட்டார்: 'தெரியும். அவர் பதிலுக்கு என்ன செய்வார் என்று பார்க்கத்தான் இத்தனை நாள் தேடினேன்.' அளவு டேப் என்று திட்டினதை மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது கல் வந்தது. வரி முழுதாக இருந்தது. கட்டளை, மேற்கோள், அடைப்புக்குறி எல்லாம் சரி. ஆனால் வலது கீழ் மூலையில், காம்பும் இரண்டு இலையுமாக ஒரு பூ. 'இது எதுக்கு மேஸ்திரி?' 'என் சார்பா சார். மொதல் கல்லுல தப்புப் பண்ணிட்டேன்ல. பொம்பளப் புள்ளக்கி வெக்கிற கல்லு, ஒரு பூகூட இல்லேன்னா எப்படி?' அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை. மறுபடியும் பாடம் நடத்தினேன். தன்னையே அச்சடிக்கும் வரி என்றால், இருக்கிறது எதுவும் விட்டுப்போகக் கூடாது. இல்லாதது எதுவும் சேரக் கூடாது. கல்லில் பூ இருந்தால் புரோகிராமும் பூவை அச்சடித்தாக வேண்டும், இல்லையென்றால் கல் வேறு, வரி வேறு. மேஸ்திரி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். 'அவ்ளோதானே சார்? பூவையும் அச்சடிக்கச் சொல்லிருங்க.'

சிரிக்காதீர்கள்; நான் முயற்சி செய்தேன். பூவை அழிப்பதற்குப் பதிலாக வரியில் ஒரு பூவைச் சேர்த்துவிட்டால் அவர் மனமும் நோகாது என்று தோன்றியது. பகல் முழுக்க மேல் வீட்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் கொத்தினேன். கட்டளையில் ஒரு பூவைச் சேர்த்தால், மேற்கோளுக்குள்ளும் ஒரு பூ சேர வேண்டும். இரண்டு பூ ஆனால் அச்சில் ஒன்று வருகிறது, ஒன்றை எடுத்தால் அச்சில் மூன்று வருகிறது. ஒரு தடவை திரை முழுக்கப் பூவாகக் கொட்டி நிற்கவே இல்லை. பயந்து பிளக்கைப் பிடுங்கினேன். இதையெல்லாம் இந்தப் பெண் அலுவலகத்திலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தாள். நாம் இரண்டு பேரும் கீழேயும் நாற்காலியிலுமாக உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் தோற்றுப்போய், பூவைத் தேய்த்து எடுக்கச் சொன்னேன். தேய்த்த இடம் கிண்ணம் மாதிரி பள்ளமாகிவிட்டது. அந்தக் கல்லும் போயிற்று.

மூன்றாவது கல்தான் கடைசியாக வந்தது. வரி முழுதாக இருக்கிறது. பூ இல்லை, பள்ளம் இல்லை. கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், சரியாக இருக்கிறது. ஆனால், மாப்பிள்ளை, இடது மேல் மூலைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய விரிசல். தலைமுடி அளவுதான். மேஸ்திரிக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், தெரியவில்லை என்கிறார். உங்கள் அக்காவையும் கூட்டிப்போய்க் காட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை. 'எங்கங்க, எனக்கு ஒண்ணும் தெரியலயே?' 'நல்லாப் பாரு.' 'நல்லாத்தான் பாக்குறேன்.' மேஸ்திரி பொறுமையிழந்து, 'சார், ஒண்ணு உங்க கண்ணு சரியில்ல, இல்லேன்னா உங்க மனசு சரியில்ல. கண்ணுன்னா டாக்டர் இருக்காரு' என்று சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பாதிக் கல்மேல் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிட்டார். எனக்கு விரிசல் தெரிகிறது. மழையும் வெயிலும் பட்டால் அது வளரும், ஒருநாள் வரி இரண்டாகப் பிளக்கும். ஆகவே நாலாவது கல் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல கல் கிடைக்க இன்னும் சில மாதமாகும் போலிருக்கிறது.

இதுதான் நிலவரம். நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை. வேலையைப் பாருங்கள், உடம்பைப் பாருங்கள். நாலாவது கல் குறையில்லாமல் வந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் நீங்கள் வர அவசியமே இல்லை. மேல் வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் அக்கா தினமும் ஜன்னலைத் திறந்து மூடுகிறாள்.

போகிற கடலெல்லாம் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். உங்கள் எஞ்சின் நின்றுபோகாமல் ஓடட்டும். உங்கள் முதுகு நிமிரட்டும். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் என் ஆசிகள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மச்சான்.

பி.கு.: வழக்கம்போல உங்கள் அக்கா தன் பங்குக்கு ஒரு வரி எழுதட்டும் என்று கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள். 'தம்பிகிட்ட பொய் சொல்ல எனக்கு வராதுங்க. நீங்களே முடிச்சுக் குடுங்க' என்றாள். முடிக்கிறேன்.

மூன்றாவது கல்லில் விரிசல் கிடையாது. எனக்கும் தெரியவில்லை, தேடினேன், கிடைக்கவில்லை, அதனால் இருக்கிறது என்று சொன்னேன். நாலாவது கல் எதுவும் சொல்லி வைக்கவில்லை. மூன்றாவது கல்லையே மேஸ்திரியும் உங்கள் அக்காவும் போன வாரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள். கால் வலிக்கிறது என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். கால் வலியும் கிடையாது. கல்லில் ஏதாவது ஒரு குறை இருந்தவரைக்கும், காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பாப்பா வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, மாப்பிள்ளை. ஒன்றும் பாக்கியில்லை.

அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னேனே, போடாதீர்கள். போட்டிருந்தால் போய்த் திருப்பிக் கேளுங்கள். வாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு உங்களாலும் தனியாகப் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள், நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். அங்கிருந்து பெட்டியும் கையுமாக நேரே போய்விடலாம். முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிவிடக் கூடாது. உட்கார்ந்தால் நான் மறுபடியும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.